தீர்மானப் பதிவேட்டைக் கையில் எடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். கூட்டத்துக்குப் போனால் ஏற்கெனவே எழுதி வைத்ததில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. நான்காவது படிக்கும் என் மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம் அம்மா. உங்கள் பொறுப்புக்குச் சட்டமே துணை இருக்கிறது. குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாமே குழுவின் வேலை. அதற்கு உங்கள் படிப்பு தாராளமாகப் போதும்.

கையெழுத்திலிருந்தே தொடங்குங்கள். அடுத்த கூட்டத்தில், "சார், எழுதியிருப்பதை எல்லோருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம்" என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அதன்பிறகு உங்கள் தீர்மானத்தை எழுதச் சொல்லுங்கள். "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது பதிவேட்டிலேயே கிடக்கும். "பெண்கள் கழிப்பறைக்கு வரும் குழாய் உடைந்துள்ளது. ஊராட்சி மன்றம் இம்மாத இறுதிக்குள் சரிசெய்ய வேண்டும். மனு கொடுக்கும் பொறுப்பு இன்னாருக்கு" என்று பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திருப்பி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை போதும். முதல் வேலை முடிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால், ஒதுங்கி நின்ற பெற்றோரும் வந்து சேருவார்கள்.

தலைமை ஆசிரியரை எதிரியாக நினைக்காதீர்கள். பல விஷயங்கள் அவர் கையில் இல்லை. தண்ணீருக்கும் துப்புரவுக்கும் ஊராட்சி மன்றத்திடம் போக வேண்டும். ஒன்றியப் பள்ளியின் கட்டடப் பழுதுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரையும், ஆசிரியர் காலியிடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலரையும் பார்க்க வேண்டும். சரியான கதவைத் தட்டினால் அலைச்சல் பாதி குறையும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. குழுத் தீர்மானத்தின் நகலோடு நான்கைந்து தாய்மார்கள் சேர்ந்து போய் அங்கே பேசுங்கள். ஊரார் முன்னால் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பணத்தைப் பற்றியும் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி, மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி மானியம் உண்டு. 31 முதல் 100 பேர் வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 பேர் வரை என்றால் 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மானியம் வந்ததா, எதற்குச் செலவானது என்று கேட்பது சந்தேகப்படுவது ஆகாது, அது உங்கள் கடமை.

அடுத்து உங்கள் மகன். எனக்குக் கழிப்பறையைவிட இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் குழுக்கூட்டங்களில் சுற்றுச்சுவரும் குழாயும் பேசப்படும் அளவுக்கு வாசிப்பு பேசப்படுவதில்லை. எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள், உங்கள் மகன் எந்த நிலையில் இருக்கிறான் என்று ஆசிரியருக்குத் தெரியும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தடுமாறினால் திட்ட வேண்டாம், "மறுபடி வாசி கண்ணு" என்றால் போதும். படிக்கத் தெரியாத தாய்மாரும் இதைச் செய்யலாம்.

பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை என்ற குறை பல ஊர்களில் உண்டு. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி வருவார்கள்? முந்தைய நாள் மாலையே தெருவில் பேசி, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு போங்கள். காலனிப் பக்கம் போகாமல் விட்டுவிடாதீர்கள், அங்குள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பள்ளியை விட்டால் வேறு வழி இல்லை.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தூக்கி நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பின்னர் மாவட்டந்தோறும் மாநாடுகள் நடந்தன. பணமும் நிலமும் மட்டுமல்ல, பலகை, மேசை, குடிநீர்ப் பானை என்று முடிந்ததை மக்கள் கொடுத்தார்கள்.

உங்கள் ஊரிலும் கொடுக்க ஆள் இருக்கும், முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். பணமாக வந்தால் தனி ஆள் கையில் வாங்காமல் குழுவின் வங்கிக் கணக்கில் போட்டு, ரசீது கொடுத்து, வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.