பெயிண்ட் போன லூரில்தான் கொடுவா கடிக்குமா?

கேள்வி: சார், கேளம்பாக்கத்தில் இருக்கிறேன். மூன்று வருடமாக முட்டுக்காடு, கோவளம் பக்கம் லூர் (மீன் போலச் செய்த செயற்கை இரை) போட்டு கொடுவா மீன் பிடிக்கிறேன். என்னிடம் 11 செ.மீ. நீளத்தில் ஒரு மின்னோ (ஒல்லியான சின்ன மீன் வடிவ) லூர் இருக்கிறது. பெயிண்ட் பாதி போய்விட்டது, ஒரு கண்ணும் விழுந்துவிட்டது. நடுவில் தூண்டில் முள் மட்டும் ஒருமுறை மாற்றினேன். அதில் இதுவரை 9 கொடுவா, பெரும்பாலும் மழை முடிந்த மாதங்களில். அதே மாடல், அதே நிறத்தில் ஏப்ரலில் புதிதாக வாங்கியதில் இரண்டு மாதமாக ஒரு கடிகூட இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “பழகிய லூர்தான் வேலை செய்யும்” என்று சொல்லி, தன்னிடம் உள்ள எட்டு பழைய லூர்களை 7,200 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லை, புதியதை உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் போதுமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் பணம் போய்விடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன். உப்புத்தாளையும் கீழே வையுங்கள்.

உங்கள் பழைய லூரை முதல் கொடுவா கடித்த அன்று அது எப்படி இருந்தது? கடையிலிருந்து வந்த பளபளப்போடுதானே? மீன் மாட்டியதால்தான் அது தேய்ந்தது. அந்த முதல் மீனுக்குப் பிறகு, பெட்டியைத் திறந்தாலே உங்கள் கை அதற்குத்தான் போயிருக்கும். விடியற்காலை, நீரோட்டம் நன்றாக இருக்கும் ஒரு மணி நேரம் முழுக்க அதுதான் தண்ணீரில் கிடந்திருக்கும். வெயில் ஏறி, மீன் அடங்கி, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் “சரி, இதையும் போட்டுப் பார்ப்போம்” என்று புதியதை நாலு எறி எறிந்திருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். அந்தக் கணக்கை வைத்துப் பழையது நல்லது, புதியது சோடை என்று தீர்ப்பு எழுத முடியாது.

மாதத்தையும் பாருங்கள். மழை முடிந்த மாதங்களில் முகத்துவாரம் திறந்திருக்கும், தண்ணீர் ஓடும், பாலத் தூணின் மறைவில் நின்றுகொண்டு அடித்துவரும் இரையைக் கொடுவா எடுக்கும். கோடையில் மண் மூடி ஓட்டம் நின்றுவிட்டால் உங்கள் பழைய லூருக்கும் அதே கதிதான். ஏப்ரலில் வாங்கிய புதியது பரீட்சைக்குப் போனதே கோடை விடுமுறையில்.

நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போன விஷயம் ஒன்று இருக்கிறது: “முள் மட்டும் ஒருமுறை மாற்றினேன்.” பழைய லூருக்கு உண்மையிலேயே ஏதாவது சக்தி இருந்தால் அது பெயிண்டில் இல்லை, இங்கேதான் இருக்கும். லூரோடு வரும் மெல்லிய முள்ளைக் கொடுவா நிமிர்த்திவிடும் என்று கனமான ட்ரெபிள் (மூன்று கொக்கி) முள்ளாகப் போட்டிருப்பீர்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து ஒரு கிராம் கூடியிருந்தாலே போதும், மேலே மிதந்து வர வேண்டிய லூர், இழுப்பதை நிறுத்தியதும் நின்ற இடத்திலேயே தொங்கும். கொடுவா துரத்திக் கடிப்பதைவிட, வாயை டபக்கென்று திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சுவதுதான் அதிகம். முகத்துக்கு நேரே தொங்கும் லூர் சுலபமாக உள்ளே போகும். மேலே எழும்பிப் போய்விடும் லூரைப் பார்த்துவிட்டு அது சும்மா இருந்துவிடும்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பழைய லூருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். பிளாஸ்டிக் லூர் என்பது இரண்டு பாதிகளை ஒட்டிய வெற்றுக்கூடு. பாறையில் நாலு முறை மோதினால் ஒட்டில் மயிரிழை விரிசல் விடும், அரை கிராம் தண்ணீர் உள்ளே போகும், லூரின் நடையே மாறிவிடும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னக் குண்டு உருளும் சத்தத்தோடு ‘சளக்’ என்றும் கேட்டால் தண்ணீர்தான். சத்தம் கேட்காவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் லூரை அமுக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, விரிசல் இருக்கும் இடத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வரும். ஓட்டை இருந்தால், இன்று மீன் பிடிக்கும் லூர் இன்னும் ஆறு மாதத்தில் தண்ணீர் கூடி மூழ்கும் கல்லாகிவிடும்.

அடுத்தது வாளிச் சோதனை. பத்து லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல் தண்ணீர். கழிமுகத்துக்கு அதில் பாதி உப்பு போதும். இரண்டு லூரையும் முள்ளோடு போடுங்கள். புதியது மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே மிதந்து, பழையது பாதி ஆழத்தில் நின்றாலோ மெதுவாக இறங்கினாலோ வித்தியாசம் எடையில்தான். அந்த வித்தியாசத்தைப் புதியதிலும் கொண்டுவரலாம். பழையதில் போட்ட அதே அளவு முள்ளைப் போடுங்கள். அதற்கும் இறங்கவில்லையென்றால் ரேடியோ ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் ஈயக் கம்பியில் ஒரு துண்டை முன் முள்ளின் தண்டில் இறுக்கிச் சுற்றுங்கள். கால் கிராம், அரை கிராம் என்று ஏற்றி, வாளியில் பழையது மாதிரியே நிற்கும்வரை. இருபது ரூபாய் வேலை இது, இதற்குத்தான் அந்த ஆள் 7,200 கேட்கிறார்.

உப்பை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். 15 கிராம் லூருக்கு அது மூன்றில் ஒரு கிராமுக்கு மேல் தூக்கல் கொடுக்கும். மழை வெள்ளம் இறங்கிய டிசம்பரில் தொங்கி நின்ற லூர், உப்பேறிய மே மாதத்தில் மெல்ல மேலே வரும். லூர் அதேதான், தண்ணீர்தான் வேறு. இதைக் கவனிக்காமல் “லூர் ராசி போய்விட்டது” என்று சொல்பவர்கள் நிறைய.

பழைய லூருக்கு மவுசு என்ற பேச்சு அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்டார்ம் என்ற லூர் நிறுவனத்தை 1999-ல் ரபாலா என்ற இன்னொரு லூர் நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் ஸ்டார்ம் செய்த ‘விகிள் வார்ட்’ லூர்களை அங்கே இன்றும் கூடுதல் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அந்த விலை பழைய தயாரிப்புக்கு, தேய்மானத்துக்கு இல்லை. பெட்டி பிரிக்காத விகிள் வார்ட் கிடைத்தால் இன்னும் அதிகம் கொடுப்பார்கள். இங்கே அதை யாரோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, கீறல் விழுந்ததெல்லாம் புதையல் என்று விற்கிறார்கள். ஒருமுறை மாட்டித் தப்பித்த பாஸ், பளபளக்கும் லூரைக் கண்டால் ஒதுங்கும் என்றும் சொல்வார்கள். அங்கே பிடித்த மீனைத் தண்ணீரில் விடுகிறவர்கள் அதிகம், அதனால் மீனுக்குப் பாடம் படிக்க வாய்ப்பு உண்டு. நம் ஊரில் பிடிபட்ட கொடுவா பாடம் படிப்பதற்குள் குழம்புக்குப் போய்விடுகிறது.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் நண்பர். “மீன் பிடித்துக் காட்டிய லூர்” என்று பல் தடம் தெரிகிற போட்டோ அனுப்பியிருப்பார். கொடுவாவின் வாயில் விரலை விட்டுப் பார்த்திருப்பீர்களே, சொரசொரவென்று பிரஷ் மாதிரி இருக்கும். அந்தப் பல்லால் பிளாஸ்டிக்கில் குழி விழாது. கூர்பல் உள்ள சீலா மீன் கடித்தால் குத்துத் தடம் விழும். உண்மையாக உழைத்த லூரில் வயிற்றின் இரண்டு பக்கமும் முள் ஆடி ஆடிக் கீறிய பிறை வடிவக் கோடுகள் இருக்கும். நான் பார்த்த ‘பழகிய’ லூர்களில் பல, ஒரே திசையில் நேர்கோடாகக் கீறியவை. அது உப்புத்தாள் வேலை. நூறு ரூபாய்ப் போலி லூரைப் புதிதாக விற்றால் மாட்டிக்கொள்வார்கள், தேய்த்துப் பழையதாக்கினால் பிராண்ட் பெயர் அழிந்து போனதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

பல வருடங்களுக்கு முன் நானே அப்படி ஒன்று வாங்கினேன். மூன்றாவது எறியில் கை வலிக்கிற அளவுக்கு ஒரு கொடுவா. பாலத்தடியில் ஒரு குலுக்கு குலுக்கியதும் தூண்டில் நரம்பு தளர்ந்துவிட்டது. சுருட்டிப் பார்த்தால் லூர் பத்திரமாக இருக்கிறது, பின்முள் மாட்டியிருந்த வளையம் மட்டும் ‘ட’ மாதிரி விரிந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டேன். “மீன் பெரிசுண்ணா” என்றார்.

புதியதாக வாங்கும்போதும் ஏமாறாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கின் உறையில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இல்லாவிட்டால் அது யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது, கெட்டால் கேட்க ஆள் கிடையாது. இதைப் பற்றி ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். ஏழு வாரம் கழித்து, “மேற்படி பொருள் விளையாட்டுச் சாமானா, மீன்பிடிச் சாதனமா என்பதைத் தெளிவுபடுத்தவும்” என்று பதில் வந்தது. மீன் கடிப்பதற்குக்கூட அவ்வளவு நாள் காத்திருந்ததில்லை. பில் கேளுங்கள், தராத கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

கடைசியாக, உங்கள் பழைய லூரின் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் சரி. வழுக்கிக்கொண்டு போனால் இன்றே மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய முள்ளைத் தூக்கி எறிந்துவிடாமல் அரை கிராம்வரை காட்டும் சின்னத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, அதே எடையில் புது முள் வாங்குங்கள். வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். விழுந்த கண்ணை ஒட்ட வேண்டாம், அது இல்லாமலே 9 கொடுவாவில் சில வந்திருக்கும்.