ஒரு பக்கக் கம்பியை மட்டும் இறுக்காதீர்கள்

முத்துப்பேட்டை லகூனில் பாய்மரப் படகு ஓட்டும்போது, பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி (காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ளது) தொய்ந்து ஆடுகிறது என்கிறீர்கள். அதை மட்டும் இறுக்கினால் பாய்மரம் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் நண்பரே.

முதலில் கரையில் வைத்து, பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவைக் கட்டிப் பாய்மர உச்சிக்கு ஏற்றுங்கள். இரு பக்கமும் கம்பி படகில் மாட்டியிருக்கும் இடம்வரை அளந்தால் ஒரே அளவு வரவேண்டும். அப்புறம் கம்பியை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்களை இருபுறமும் சம சுற்றாகத் திருகுங்கள். மிதமான காற்றில் படகு 15 டிகிரி சாயும்போது காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி லேசாகத் தளர்ந்தால் சரி, தொங்கி ஆடக் கூடாது. திருகியதும், டர்ன்பக்கிள் தானாகக் கழலாமல் தடுக்கும் பின் ஊசியை மறக்காமல் மாட்டுங்கள்.

அங்கே உப்புத் தண்ணீர். கம்பி முனைகளைத் துணியால் தடவிப் பாருங்கள். அறுந்த இழை ஒன்று துணியில் சிக்கினாலும் கம்பியை மாற்றாமல் படகை இறக்காதீர்கள்.