காணிக் கந்தோரும் நியூயோர்க் நீதிமன்றமும்

அண்ணா, பெரிய கம்பனிகளுக்கு முன்னால் தேச அரசுகள் பலமிழந்து வருகின்றன என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. நான் சம்பூர்க்காரி. 2006 சண்டையில் ஊரைவிட்டு ஓடினோம். திரும்பிப் போக அரசு விடும்வரை முகாமில் கிடந்தோம். இன்றைக்கும் ஒரு காணிப் பெர்மிட்டுக்காகக் கந்தோர் வாங்கில் காத்திருக்கிறேன். எங்கே பலமிழந்தது அரசு?
– மூதூர்ப் பக்கத்து வாசகி ஒருவர்

அன்புள்ள தங்கைக்கு,

பொத்தாம்பொதுவாக ‘பலமிழந்து’ என்று எழுதியது என் பிழைதான். உங்கள் ஊரை வைத்தே திருத்திக்கொள்கிறேன்.

நீங்கள் முகாமில் இருந்த காலத்தில் சம்பூரின் 818 ஏக்கர் முதலீட்டுக்கென்று வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்டது. 2015இல்தான் அந்த வர்த்தமானி ரத்தானது. பக்கத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வேறு வரவிருந்தது. சனங்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2016இல் அதைக் கைவிட்டார்கள். இதில் எந்த முதலாளி வந்து உங்களை மறித்தார்? வர்த்தமானி அடித்தது அரசு, காவல் போட்டது அரசு. காணியைத் துப்புரவாக்கிக் கையில் தரும் பலமான அரசு இருந்தால்தான் கம்பனிக்கு வசதி.

சரி, அதே அரசை இன்னொரு இடத்தில் பாருங்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. ஜூன் மாதமே ஹமில்டன் ரிசர்வ் வங்கி, தன்னிடமிருந்த இலங்கைக் கடன் பத்திரங்களுக்கு 25 கோடி டொலருக்கு மேல் கேட்டு நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. அந்த வங்கி இருப்பது செயின்ட் கிட்ஸ் அன்ட் நெவிஸ் என்ற கரீபியன் நாட்டில். மொத்தச் சனத்தொகையே ஐம்பதாயிரம் அளவில்தான். நம் அரசை ஏன் நியூயோர்க்குக்கு இழுக்க முடிந்தது? கடன் பத்திரத்துக்கு நியூயோர்க் சட்டம்தான் என்று அரசே ஒப்புக்கொண்டு வாங்கிய கடன் அது. உங்களை வாங்கில் இருத்திவைக்கும் அரசு, அங்கே பிரதிவாதி.

அப்புறம் நம் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள். ஒருமுறை உள்ளே போக வாய்த்தது. குதத்தைச் சுற்றிக் கனத்த சுவர், அதற்குமேல் காடு. இரும்பில் கை வைத்தால் கறள் சிவப்பாக உள்ளங்கையில் ஒட்டுகிறது. வெள்ளைக்காரன் தன் கப்பற்படைக்காகக் கட்டியவை, 99 மிஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கூட்டுக் கம்பனியில் நம் பங்கு 51 வீதம். லங்கா ஐஓசியின் தாய்க் கம்பனியிலோ பெரும்பங்கு இந்திய அரசுக்குச் சொந்தம். இதில் எது கம்பனி, எது அரசு என்று எப்படிப் பிரிப்பது? திருகோணமலைக்கு இது புதிதுமில்லை. கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்தர் ஒரு வியாபாரக் கம்பனிக்காரர்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகு, சில வருடம் கிழக்கிந்தியக் கம்பனி மதராசில் இருந்தபடி இந்தக் கரையை ஆண்டது, வரி வாங்கியது.

ஆகவே என் வசனத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: மேலே பார்த்துக் கையெழுத்து வைக்கும்போது அரசின் கை தளர்கிறது, கீழே, உங்களிடம் கடதாசி கேட்கும்போது அதே கை இறுகுகிறது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெர்மிட்டுக்காக எத்தனை நாள் போனீர்கள், ஒவ்வொரு முறையும் என்ன கடதாசி கேட்டார்கள் என்று திகதி போட்டு எழுதி அனுப்புங்கள். ஒரு வரிகூட வெட்டாமல் இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணா