கேளுங்க, சொல்றோம்: கையில தொழில் இருக்கு, பேப்பர் இல்ல

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல வேலை, கோர்ஸ், சர்டிபிகேட் பத்தினதுதான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டோம்.

கேள்வி: எட்டாம் ஆண்டோட படிப்ப விட்டுட்டு கொழும்புக்கு போனேன். மேசன் பாஸ் ஒருத்தர்கிட்ட ஹெல்பரா சேர்ந்து இப்ப பிளாஸ்டர், டைல்ஸ் எல்லாம் தனியா செய்வேன். வெளிநாடு போகலாம்னு ஏஜென்சிக்கு போனா சர்டிபிகேட் எங்கன்னு கேக்குறாங்க. புள்ளைங்கள வச்சிக்கிட்டு இந்த வயசுல போய் கோர்ஸ் படிக்க முடியுமா?
- ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: அண்ணே, நீங்க கோர்ஸ் படிக்க தேவையே இல்ல. தெரிஞ்ச தொழிலுக்கு படிக்காமலே என்விகியூன்னு சொல்ற தேசிய தொழிற்தகைமை சர்டிபிகேட் எடுக்கிற வழி நம்ம நாட்டுல இருக்கு, ஆர்பிஎல்னு சொல்லுவாங்க, கடுதாசியில முன்கற்றலை அங்கீகரித்தல்னு இருக்கும். நீங்க எங்க படிச்சீங்க, எத்தனையாம் ஆண்டு வரைக்கும் படிச்சீங்கன்னு அதுல பாக்குறதில்ல, வேலை தெரியுமான்னுதான் பாக்குறாங்க. நைட்டான்னு சொல்ற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலயும், தொழிற்பயிற்சி அதிகார சபையிலயும் இதுக்கு விண்ணப்பிக்கலாம். கோர்ஸுக்கு போய் எடுத்தவங்களுக்கு குடுக்கிற அதே சர்டிபிகேட்தான் உங்களுக்கும், மட்டம் ஒன்னும் குறைஞ்சது இல்ல.

என்ன செய்யனும்னா, நீங்க செஞ்ச வேலைக்கெல்லாம் சாட்சி சேர்க்கனும். யார்கிட்ட எந்த வருசத்துல வேலை செஞ்சீங்கன்னு பாஸ்மார்கிட்ட லெட்டர், வீடு கட்டிக்குடுத்த ஆக்கள்கிட்ட லெட்டர், வேலை நடக்கிறப்ப எடுத்த போட்டோ, சம்பள துண்டு ஏதும் இருந்தா அதுவும். இப்ப செய்ற சைட்ல இருந்தே போன்ல போட்டோ எடுக்க ஆரம்பிங்க, கட்டி முடிச்ச சுவர மட்டும் எடுக்காம, நூல் புடிக்கிறது, மட்டம் பாக்குறது, கலவை போடுறது, நீங்க நின்னு வேலை செய்றதும் தெரியனும். இதையெல்லாம் ஒரு பைல்ல போட்டு குடுத்த பிறகு பேசி பார்ப்பாங்க, அப்புறம் மதிப்பீட்டாளர்கள் முன்னுக்கு வேலைய செஞ்சு காட்டனும்.

இங்கதான் நம்ம ஆக்கள் கவனமா இருக்கனும்னு நெனைக்கிறேன். கை வேலையில யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல, ஆனா ஏன் அப்படி செய்றீங்கன்னு கேட்டா வாய் தொறக்க கூச்சப்படுவோம். கொங்கிரீட் போட்டு ஏன் தண்ணி ஊத்தி ஊத்தி ஈரமா வைக்கிறீங்க, சிமெண்டும் மணலும் என்ன அளவு, சாரம் ஏறுறப்ப என்ன பாதுகாப்புன்னு கேப்பாங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும், அத வாயால சொல்லி பழகுங்க, மகனையோ மகளையோ கேள்வி கேக்க சொல்லி ராத்திரியில சொல்லி பாருங்க. ஏதாவது ஒரு பகுதியில குறை இருந்தா முழுசா தள்ளிவிட மாட்டாங்க, தேறினதுக்கு பதிவு குடுப்பாங்க, குறைஞ்ச பகுதிய மட்டும் பழகிட்டு திரும்ப போகலாம்.

எங்க தொடங்குறதுன்னா உங்க பிரதேச செயலகத்துக்கு போங்க, அங்க மனிதவலு அபிவிருத்தி உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பார், மனிதவலு மற்றும் வேலைவாய்ப்பு திணைக்களத்து ஆள், வேலை தேடுறவங்களுக்கு வழி சொல்றதுதான் அவரோட வேலையே. டவுனுக்கு போய் வர ஒரு நாள் பேர், அதாவது அன்னைக்கு சம்பளம், போயிரும்னு தெரியும், தோட்டத்து லய வீடுகள்ல இருக்கிறவங்களுக்கு இந்த திட்டமெல்லாம் போய் சேராததுக்கு அதுதான் பெரிய காரணம்னு எனக்கு படுது, நோட்டீஸ் ஆபீஸ் சுவர்ல இருக்கு, ஆள் மலையில இருக்கு. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்துலயும் கோயில்லயும் ஒட்டினாத்தானே நம்ம சனம் பாக்கும். அதனால தனியா போகாதீங்க அண்ணே, உங்க தோட்டத்துல மேசன், வயரிங், பெயிண்ட் வேலை தெரிஞ்ச ஒரு பத்து பேர் பேர எழுதி கையெழுத்து போட்டு, எங்களுக்கு ஆர்பிஎல் பத்தி தோட்டத்துக்கு வந்து விளக்கம் குடுங்கன்னு உத்தியோகத்தருக்கு லெட்டர் குடுங்க. ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கான்னு வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துக்கு 1989க்கு கோல் எடுத்து கேட்டுட்டு பிறகு பாஸ்போர்ட்ட குடுங்க.

கேள்வி: ஓ/எல்ல கணக்கு ஃபெயில். வீட்ல கார்மெண்ட்ஸுக்கு போ இல்லாட்டி கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்கு போன்னு சொல்றாங்க. எனக்கு படிக்க ஆசை, வழி இருக்கா?
- ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: இருக்கு தங்கச்சி. 13 வருட உத்தரவாத கல்வின்னு 2017ல தொடங்கின திட்டம் ஒன்னு இருக்கு, ஓ/எல் பாஸ் ஆனாலும் ஆகாட்டியும் ஏ/எல் தொழிற்பிரிவுல சேரலாம், முடிக்கிறப்ப என்விகியூ 4ஆம் மட்டம் எடுக்கலாம். எல்லா ஸ்கூல்லயும் இல்ல, அதனால கிட்ட எந்த ஸ்கூல்ல இருக்குன்னு வலய கல்வி காரியாலயத்துல கேளுங்க. ஸ்கூலுக்கு திரும்ப போக விருப்பமில்லன்னா ஹட்டன்ல தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு, தொழிற்பயிற்சி அதிகார சபையோட நிலையங்களும் இருக்கு, என்னென்ன கோர்ஸ், எப்ப புதுசா சேர்க்கிறாங்கன்னு நேர்ல போய் கேளுங்க. என்விகியூ 4ஓட நிக்க தேவையில்ல, 5, 6 டிப்ளோமா, 7 பட்டம், அதுக்கு இரத்மலானையில யுனிவோடெக்னு ஒரு பல்கலைக்கழகமே இருக்கு. அம்மா அப்பாகிட்ட இத சொல்லுங்க, கணக்கு ஒன்னு போனதுக்காக பதினாறு வயசு புள்ளைய ஊரான் வீட்டு அடுப்படிக்கு அனுப்பாதீங்கன்னு நான் சொன்னதாவே சொல்லுங்க.

கேள்வி: டவுன்ல ஒரு இடத்துல டிப்ளோமா குடுத்து ஜப்பானுக்கும் அனுப்புறாங்களாம். மகனுக்காக நகைய அடகு வைக்கலாமான்னு யோசிக்கிறேன்.
- ஒரு தாய், பசறை

பதில்: அடகு வைக்காதீங்கம்மா, முதல்ல ரெண்டு விசயம் பாருங்க. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில அந்த நிறுவனம் பதிஞ்சிருக்கான்னு ஒன்னு, மகன் படிக்கப்போற அந்த கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கான்னு இன்னொன்னு. ரெண்டும் வேற வேற, நிறுவனத்துக்கு பதிவு இருக்கும், கோர்ஸுக்கு இருக்காது, போர்ட்ல அரசு பதிவுன்னு மட்டும் போட்டிருப்பாங்க. ஆணைக்குழுவோட வெப்சைட்ல தேடலாம், மகனுக்கு போன்ல பாக்கத் தெரியும். டிப்ளோமான்னு பேர் இருந்தா போதாது, கடைசியில என்விகியூ கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்னு எழுத்துல கேளுங்க, எழுதி தரமாட்டேன்னு சொன்னா திரும்பி வந்திருங்க. படிப்பு வேற, வெளிநாட்டுக்கு அனுப்புறது வேற, அனுப்புறேன்னு காசு வாங்குறவங்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்து லைசென்ஸ் இருக்கனும். பதுளையிலயே அரசாங்கத்து தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, மொதல்ல அங்க கேட்டு பாத்துட்டு மத்தத யோசிங்க.

கேள்வி: நாப்பது வயசு தாண்டிட்டேன், கொழுந்து எடுக்கிறேன், பின்னேரத்துல லயத்துல தைக்கிறேன். எனக்கும் அந்த சர்டிபிகேட் கிடைக்குமா?
- ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: கிடைக்கும் அக்கா, தையலும் என்விகியூல இருக்கிற தொழில்தான், மஸ்கெலியா அண்ணனுக்கு சொன்னது அப்படியே உங்களுக்கும். தைச்சு குடுத்த உடுப்ப போட்டோ எடுத்து வைங்க, அளவு எடுக்கிற கொப்பிய தூக்கி போட்டுறாதீங்க, அதுவும் சாட்சி.

கேள்வி: விண்ணப்பம் சிங்களத்துல மட்டும் குடுக்குறாங்க. தமிழ்ல கேட்டா முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க, வெக்கமா இருக்கு.
- ஒரு வாசகர், நோர்வூட்

பதில்: நீங்க ஏன் தம்பி வெக்கப்படனும்? 1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் ஆட்சிமொழி, தமிழ்ல விண்ணப்பம் கேக்குறது உங்க உரிமை. இல்லன்னா என்ன கோர்ஸ் வேணும், விபரம் என்னன்னு ஒரு வெள்ளத்தாள்ல தமிழ்ல எழுதி பதிவுத் தபால்ல அனுப்புங்க, பதிலும் தமிழ்ல கேளுங்க, கொப்பி ஒன்னு கையில வச்சிக்கோங்க. 1919க்கு எடுத்தா அரசாங்க தகவல் நிலையத்துல தமிழ்லயே பேசுவாங்க, எந்த ஆபீஸுக்கு போகனும்னு அங்கயும் கேக்கலாம். திரும்பவும் இல்லன்னு சொன்னா அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம், எழுதுறப்ப திகதி, நேரம், எந்த ஆபீஸ், எந்த கவுண்டர்னு தெளிவா போடுங்க.