காமாலை இல்லை, வேறு

தர்மபுரியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார், வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 62 வயது. கண் மஞ்சளானதும் ஊர் வழக்கப்படி மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பத்தியமும் இருந்தார். குறையவில்லை. ஆனால் வலி எதுவும் இல்லை என்கிறார். இன்னும் சில நாள் பார்க்கலாமா?
வாசகி, பென்னாகரம்

பதில்: இனி ஒரு நாளும் பார்க்க வேண்டாம். இதழ் அச்சாகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாதென்று தபாலில் தனியாகவும் எழுதிவிட்டேன். வலி இல்லை என்று அவர் சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணியும். அந்தப் பெருமையை நாம் கீழாநெல்லிக்குக் கொடுத்துவிடுகிறோம். பித்தக் குழாய் அடைபட்டு வரும் காமாலை நாளுக்கு நாள் ஏறும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறதா, உடம்பெல்லாம் அரிக்கிறதா என்று கேளுங்கள். மருமகள் கேட்கக் கூச்சமென்றால் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். அதன் தலைப் பகுதியை ஊடுருவித்தான் பித்தக் குழாய் குடலுக்குள் இறங்குகிறது. அங்கே கட்டி வந்தால் குழாய் நசுங்கி, வலியில்லாமலே மஞ்சள் ஏறும். வெறும் பித்தக் கல்லாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தால் வழி தெரியும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள். கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அந்த வாய்ப்பைப் பத்தியத்தில் கழித்துவிடக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்குப் பரவிவிட்டதால் அறுவைச் சிகிச்சை முடியாது என்று பித்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) மட்டும் வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் 'கல் அடைப்பு' என்று சொல்லியிருக்கிறோம். உண்மையைச் சொல்லவே கூடாது என்கிறார் சித்தப்பா. தோட்டத்தை விற்றாவது பெங்களூருவில் வைத்தியம் பார்ப்போம் என்கிறார் அண்ணன். எனக்குத் தூக்கமே இல்லை.
வாசகி, பாலக்கோடு

பதில்: மகளே, என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். அவர் புளி வியாபாரி. 58 வயதில் திடீரென்று சர்க்கரை என்றார்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட் தளர்ந்தபோது ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு துளை போட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. "சர்க்கரை வந்தால் இளைக்கத்தான் செய்யும்" என்று சொன்னவள் நான். அத்தனை வருடம் வார்டில் நின்றவள். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே எடையும் சரிந்தால் கணையத்தையும் ஒரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்துக் கண் மஞ்சளானபோது நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். "குழாயில் சதை வளர்ந்திருந்தது, சரியாகிவிட்டது" என்று நாங்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு சொன்னோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி புழக்கடையில் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் அழுவார். ஐந்து மாதம் இருந்தார்.

காரியம் முடிந்த பிறகு அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டினோம். புளி எடை, கொட்டை எடுத்த கூலி, லாரி வாடகை. ஸ்டென்ட் வைத்த தேதியில் மட்டும் கணக்கு இல்லை. 'காமாலை இல்லை, வேறு' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். அடுத்த பக்கத்திலிருந்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று வரிசையாக எழுதி, தீர்த்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். மூன்று பெயர்கள் அடிபடாமல் நின்றன. இருவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். மூன்றாமவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் இருக்கும்போது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்னப்பா புரிந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கெதற்கு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள். கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

தோட்டம் அப்பா பெயரில்தானே இருக்கும்? கல் அடைப்புக்காகத் தோட்டத்தை விற்கிறோம் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வீர்கள்? அண்ணனும் நீங்களும் சேர்ந்து போய்ப் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். பரவிவிட்ட நிலையில் கீமோ சில மாதங்களைக் கூட்டித் தரலாம், தொல்லைகளைக் குறைக்கலாம். நோயை அடியோடு நீக்காது. அப்பாவின் உடம்பு அதைத் தாங்குமா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ய முடியுமா என்று கேட்ட பிறகு பத்திரத்தைத் தொடுங்கள். அண்ணனைக் கடிந்துகொள்ளாதீர்கள். எதையாவது விற்றால்தான் மகனாக நின்றதாக ஆகும் என்று அவர் தவிக்கிறார்.

இன்னொன்று: நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மறுபடி மஞ்சளானாலோ ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கும் கணையப் புற்றுநோய்தான். சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது. மலம் எண்ணெயாக மிதக்கிறது. முதுகுவலியால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார். மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பழகிவிடுமோ என்று கொடுக்கப் பயமாக இருக்கிறது.
வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கொடுங்கள், தம்பி. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் ஒருவரைப் போதைக்காரராக்குவது மிக அரிது. மலச்சிக்கல் வரும்; அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். மாத்திரைக்கு வலி அடங்காவிட்டால் நரம்புக்கு ஊசி போட்டு மரக்கச் செய்யும் வழியும் இருக்கிறது.

மலம் மிதப்பது கொழுப்பு செரிக்காததால். கணையம் சுரக்க வேண்டிய செரிமானச் சுரப்புகள் காப்ஸ்யூலாகக் கிடைக்கின்றன. மருத்துவரிடம் கேளுங்கள். முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு விழுங்கினால் பலன் குறையும். களி வேண்டும் என்று அம்மா கேட்டால் எலுமிச்சை அளவு கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு உருண்டை. இரவில் மடியில் தலையணை வைத்து முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுவலி சற்றுத் தணியும்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் பராமரிப்பும் அதில் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் அம்மாவின் பெயரைப் பதிந்து வையுங்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினமும் குறித்து, வருகிறவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை மாற்ற அந்தத் தாள் அவர்களுக்கு மிகவும் உதவும்.