நாயகன் எங்கே? – வாசகர் கேள்வி-பதில்

கே: உர்சுலா லெ குவினின் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்றால் என் 13 வயது மகளுக்கு உயிர். அடுத்த பாகம் ‘தி டூம்ஸ் ஆஃப் அதுவான்’ நாவலை மட்டும் பாதியிலேயே மூடிவிட்டாள். நாயகன் கெட் வரவே இல்லையாம். விட்டுவிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

ப: விட வேண்டாம். மொத்தம் 12 அத்தியாயம். ஐந்தாவதில் கெட் வந்துவிடுவான். மலை ரயில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற நேரத்தில் முதல் நான்கையும் முடித்துவிடலாம்.

1968-ல் வந்த முதல் பாகம் முழுக்கக் கடல், படகு, தீவுக்குத் தீவு ஓட்டம். 1971-ல் வந்த இரண்டாவதோ பாலையில் ஒரு கோயில், நட்டுவைத்த கற்கள், அடியில் சுரங்கம் என்று ஒரே இடத்தில் அடைந்து கிடக்கிறது. பார்ப்பது அர்ஹா என்ற பூசாரிப் பெண்ணின் கண். சின்னஞ்சிறு வயதில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, டெனார் என்ற பெயரையும் பறித்துவிட்டார்கள். முதல் பாகத்தில் மந்திரத்தின் வேரே உண்மைப் பெயர்தான். இங்கே அந்தப் பெயரை இழந்த ஒருத்தி! அந்த மந்திர விதியை மாற்றாமல், அதன் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார் லெ குவின். நம் ஓட்டு இரண்டாம் பாகத்துக்கே.

அந்தச் சுரங்கத்தில் விளக்குக்குத் தடை. சுவரைத் தடவித் தடவியே வழி பழகியவள் அர்ஹா. ஒருநாள் உள்ளே வெளிச்சம் தெரிகிறது. அந்நியன் ஒருவனின் கோல் நுனியில் ஒளி. சுற்றிலும் படிகங்கள் மின்னுகின்றன. தன் ஆளுகையில் உள்ள இடத்தை அப்போதுதான் அவள் கண்ணால் காண்கிறாள். அவளோடு நாலு அத்தியாயம் இருட்டில் நடக்காமல் நேரே இங்கே தாவினால், இது வெறும் குகை வர்ணனை.

தொடங்கும் முன் முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தை மட்டும் புரட்டச் சொல்லுங்கள். மணல்திட்டில் வாழும் கிழவி ஒருத்தி கெட்டின் கையில் உடைந்த வளையத் துண்டு ஒன்றைக் கொடுப்பாள். அடுத்த பாகத்தின் அச்சாணி அதுதான். ஒரு எச்சரிக்கை: இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் கைதிகளைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள். வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் அவர்களுக்கு இப்போது வேண்டாம்.

கே: ‘ஹாபிட்’ ஒரே மூச்சில் ஓடியது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நகரவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?
– வாசகர், குன்னூர்

ப: முன்னுரையில் சிக்கியிருப்பீர்கள். அதில் மோதிரம் கிடைத்த கதையைச் சொல்லும் பகுதி மட்டும் போதும். புகையிலைப் புராணமெல்லாம் பிறகு. தொடக்கத்தில் வரும் பிறந்தநாள் விருந்துக்கும் நாயகன் ஃப்ரோடோ கிளம்புவதற்கும் நடுவே கதையில் 17 வருடம் ஓடுகிறது, அதனால் மூன்றாம் அத்தியாயம் வரை பொறுங்கள்.

இரண்டு கதையும் பொருந்த, எழுதிய டோல்கீனே ‘ஹாபிட்’டில் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அதன் 1937 பதிப்பில், நாயகன் பில்போவுடனான விடுகதைப் போட்டிக்கு ‘கோலும்’ (Gollum) என்ற குகைவாசி வைத்த பந்தயமே மோதிரம். தோற்றதும் மன்னிப்புக் கேட்டு வழிகாட்டுவான். அடுத்த நாவலில் மோதிரம் ஆளையே விழுங்கும் சாமான் ஆன பின் அந்தக் ‘கோலும்’ பொருந்தவில்லை. 1951-ல் ‘ஹாபிட்’டின் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தினார். பழைய வடிவத்தையும் வீணாக்காமல், பில்போ சொன்ன பொய் என்று ஆக்கிவிட்டார்! 1937 பிரதி வீட்டில் இருந்தால் படிக்காதீர்கள். ஆடி மாதப் பனிமூட்டத்தில் பூஞ்சை ஏறாமல் பூட்டி வையுங்கள்.

கே: பொதுவாக ஒரு தொடரில் இரண்டாம் பாகத்துக்கு முன் முதல் பாகத்தை முழுசாகத் திரும்பப் படிக்கணுமா?
– கொடைக்கானல் வாசகர்

ப: வேண்டாம். பெரும்பாலும் கடைசி இரண்டு அத்தியாயமும் வரைபடமும் போதும்.