பி12 குறைவும் மனநல மாத்திரையும்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 24 வயசு. காதுக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சொன்னான். ஓலன்சபின் 10 மி.கி. கொடுத்தாங்க, நாலு மாசமா நல்லா இருக்கான். போன வாரம் பி12 பார்த்ததுல 140 வந்திருக்கு. "இதுதான்டா காரணம், மாத்திரையை நிறுத்திட்டு சத்து ஊசி போட்டாப் போதும்"னு மாமா சொல்றார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். 140 குறைவுதான், பெரும்பாலான லேப்களில் 200க்குக் கீழே வந்தாலே குறைவு என்று போடுவார்கள். ஊசியோ மாத்திரையோ கொடுத்து அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் நம் ஊரில் பி12 குறைவு எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அவர்களுக்கெல்லாம் குரல் கேட்பதில்லை. பி12 குறைவால் மட்டுமே மனம் குழம்புவது உண்டு, ஆனால் அரிது. உங்கள் தம்பிக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நன்றாக இருப்பவனுக்கு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் குரல்கள் திரும்பி வரும் ஆபத்து நிஜமானது. மாமா அக்கறையில்தான் சொல்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டோடு, மாத்திரை எழுதிய டாக்டரிடமே போங்கள். சத்து ஏறிய பிறகு அளவைக் குறைக்க முடியுமா என்பதை அவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. ஓலன்சபின் சாப்பிடுகிறவர்களுக்குத் தவறாமல் பார்க்க வேண்டியது எடை, சுகர், கொழுப்பு. பி12 பார்த்த வீட்டில் இவற்றைப் பார்த்தீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயசு, சுத்த சைவம். ஒரு வருஷமா எதுலயும் ஆர்வம் இல்லை, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. டிப்ரெஷன் மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, பெரிய மாற்றம் இல்லை. வைட்டமின் பார்க்கணுமா மேடம்?

பதில்: கண்டிப்பாகப் பாருங்கள் அம்மா. இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைப்பவள் நான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை மகள் அழைத்து வந்தார். இதே போன்ற மறதி, இதே சோர்வு. மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். சுகருக்கு மெட்ஃபார்மின், பதினோரு வருடமாக. தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை, பான்டோபிரசோல், யார் எழுதியது என்றே நினைவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன், வழவழவென்று சிவந்திருந்தது. பாதத்தைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னபோது நின்றார். கண்ணை மூடச் சொன்னதும் ஆள் அப்படியே சாய்ந்தார், மகள்தான் பிடித்தார். "உள்ளங்கால் பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, வயசுதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

மெட்ஃபார்மின் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் உணவிலிருந்து பி12 பிரிந்து வருவதே தடைபடும். சைவ உணவில் பால், தயிர், மோரைத் தவிர இந்தச் சத்துக்கு வழியில்லை. கீரையில் கிடையாது, இட்லி சாம்பாரில் கிடையாது. கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் குறைவு மெதுவாகத்தான் தலைகாட்டும், அதற்குள் நரம்பு அடிபட்டிருக்கும். அந்த ஆசிரியைக்கு ஊசி தொடங்கிய சில மாதங்களில் நடை தேறியது, பேச்சில் பழைய கூர்மை வந்தது. டிப்ரெஷன் மாத்திரையும் கூடவே தொடர்ந்தது. கால் மரத்துப்போனது மட்டும் முழுதாகப் போகவில்லை. தாமதமாக வந்தால் அப்படித்தான்.

உங்கள் அம்மாவுக்கு பி12 கூட தைராய்டும் சோடியமும் பாருங்கள். எஸ்சிட்டாலோபிராம் போன்ற டிப்ரெஷன் மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடும், அதுவும் குழப்பமாகத்தான் தெரியும். முக்கியமாக, "நரம்பு ஊசி" என்று சொல்கிற பி12 ஊசியைப் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள். போட்ட பிறகு எடுத்தால் எண் ஏறித்தான் காட்டும்.

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 13. ரத்தம் நல்லா இருக்கும்போது பி12 எப்படிக் குறையும்?

பதில்: குறையும். ரத்தசோகை இல்லாமலே நரம்பும் மனமும் பாதிக்கப்படலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் சரியாகிவிடும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். ஃபோலிக் அமிலத்தின் கதையே நம் நாட்டில் தொடங்கியதுதான். மும்பைத் துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாறில் குணமாவதை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1931இல் எழுதினார், அந்தச் சாறில் இருந்த சத்து இதுதான். ரிப்போர்ட்டில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி பருமன், 100ஐத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். தாண்டாவிட்டாலும் நிம்மதி கொள்ள முடியாது, கூடவே இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் அது ஏறாது.

கேள்வி: மூட் ஏறி இறங்காம இருக்க லித்தியம் சாப்பிடறேன். முடி கொட்டுதுன்னு பயோட்டின் 10 மி.கி. ஆரம்பிச்சேன். சரியா?

பதில்: முடிக்கு அது உதவுமா என்பதை விட எனக்கு உங்கள் தைராய்டு டெஸ்ட்தான் கவலை. அதிக அளவு பயோட்டின் பல லேப்களின் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். லித்தியமோ தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடிய மருந்து, அப்படி நடந்தால் டிஎஸ்எச் ஏற வேண்டும். ஏறியதை பயோட்டின் மறைத்துவிடும். முடி கொட்டுவதே தைராய்டால் இருக்கலாம்! ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். லித்தியம் அளவைப் பார்க்க ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து.

கேள்வி: வைட்டமின் டி 14. மனச்சோர்வு சீக்கிரம் போகணும்னு 60,000 யூனிட் தினமும் எடுக்கறேன்.

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். அது வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். தினமும் எடுத்தால் கால்சியம் ஏறி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று வரும். கால்சியம் பார்த்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரை தொடரட்டும்.

கேள்வி: அப்பா தினமும் குடிப்பார். நாலு நாளா சாப்பாடே இல்லை. இன்னைக்குக் காலைல இருந்து தள்ளாடுறார், கண்ணு ஒரு மாதிரி ஆடுது, என்னை யாருன்னு கேக்கறார். ரத்தத்துல வைட்டமின் டெஸ்ட் எடுத்துட்டு மாத்திரை மாத்தணுமா?

பதில்: டெஸ்டுக்குக் காத்திருக்காதீர்கள் தம்பி, உடனே 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இது பி1 சத்து வற்றியதால் மூளை பாதிக்கப்படும் நிலையாக இருக்கலாம், சில மணி நேரம்கூட முக்கியம். உள்ளே நுழைந்ததும் "தினமும் குடிப்பவர், நாலு நாளாகச் சாப்பிடவில்லை" என்று சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் தயமின் (பி1) ஊசி போட்டாச்சா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.